அப்பா பெயரும் அடிவாங்கும் முதுகும்

வாரிசு என்ற வார்த்தையைக் கேட்டதும் தமிழ்நாட்டில் இரண்டு துறைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று சினிமா. இன்னொன்று எதுவென்று சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. இரண்டிலுமே அப்பாவின் பெயர் கதவைத் திறந்துவிடும். உள்ளே போனால் உட்கார நாற்காலியும் தயாராக இருக்கும். ஆனால் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவரை, "ரொம்ப சந்தோஷம், முதலில் முதுகு பலகையில் அறையும்படி நூறு தடவை கீழே விழு" என்று சொல்கிற ஒரு தொழில் இருக்கிறது. தொழில்முறை மல்யுத்தம். (பள்ளிக்கூட பெஞ்சில் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்கு 'டபிள்யூ.டபிள்யூ.எஃப்' என்று சொன்னால் சட்டென்று புரியும்.)

"அட, அதெல்லாம் நடிப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வாரிசு விவகாரத்தில் இந்தத் தொழில் மற்றவற்றிலிருந்து வேறுபடுவதே இந்த 'நடிப்பு' என்ற ஒரு விஷயத்தால்தான். அதைச் சொல்வதற்கு ஒரு ஜப்பானிய நடிகையின் கதை ரொம்பப் பொருத்தம்.

அவர் பெயர் சகி அகாய். 1987-இல் பிறந்தவர். மாடல், நடிகை. உயரம் 174 சென்டிமீட்டர். ஜப்பானில் இப்படி வளர்ந்த ஒரு பெண் மாடலிங்குக்குப் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் 2013 ஆகஸ்டில், 26 வயதில், டோக்கியோவின் ரியோகோகு கொகுகிகான் அரங்கில் அவர் மல்யுத்த வீராங்கனையாக மேடையேறினார். சுமோ போட்டிகளுக்குப் பேர்போன அரங்கம் அது. 'நடிகை ஒருத்தி விளம்பரத்துக்காக ரிங்கில் ஏறுகிறாள்' என்று எல்லோரும் நினைக்க வேண்டிய கட்டம். அப்படித்தான் பலரும் நினைத்திருப்பார்கள். அதிலும் அவர் சேர்ந்த நிறுவனம் டி.டி.டி. 1997-இல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு கோமாளித்தனமும் ஒரு பலம். புத்தகக் கடையில் சண்டை போடுவார்கள், கூடாரமடித்துத் தங்கும் காட்டில் சண்டை போடுவார்கள். இவர்களுடைய பட்டங்களில் ஒன்றை ஏணி ஒன்று வென்றிருக்கிறது. ஆம், ஏணிதான். சுவரில் சாய்த்து ஏறுவோமே, அதே ஏணி! மேலிருந்து விழுந்து ஒருவரை அமுக்கியதால் அதுவும் சாம்பியன்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நடிகை வந்து சேர்ந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? அவருடைய அப்பா யாரென்று தெரிந்தால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பா ஹிதேகசு அகாய். ஒசாகாக்காரர், குத்துச்சண்டை வீரர். 'நானிவாவின் ராக்கி' என்று செல்லப்பெயர். (நானிவா என்பது ஒசாகாவின் பழைய பெயர். ராக்கி யாரென்று விளக்க வேண்டியதில்லை.) தொழில்முறைக்கு வந்ததிலிருந்து வரிசையாக 12 ஆட்டங்களை நாக்-அவுட்டில் ஜெயித்தவர். முன்னால் வந்தவர்களை எல்லாம் அடித்து வீழ்த்திக்கொண்டே போகிற ஆள் என்பதால் ஒசாகாவே அவர் பின்னால் திரண்டது. 1983-இல் உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவின் புரூஸ் கரியோடு மோதி ஏழாவது சுற்றில் தோற்றார். மறுபடி உலகப் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், 1985 பிப்ரவரியில், மசஹாரு ஒவாடா என்பவருடன் ஒரு ஆட்டம். அகாய்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஆட்டம். ஏழாவது சுற்றில் விழுந்தார். மூளையைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டது. மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையிலிருந்து பிழைத்தார். 25 வயதில் குத்துச்சண்டை முடிந்துவிட்டது. மொத்தம் 21 ஆட்டங்கள், 19 வெற்றிகள், இரண்டே தோல்விகள். இரண்டுமே ஏழாவது சுற்றில்.

அதற்குப் பிறகு அவர் நடிகர் ஆனார். 1989-இல் ஜுன்ஜி சகமோட்டோ என்ற இயக்குநரின் முதல் படம் வந்தது. அதன் கதாநாயகன், தலையில் அடிபட்டு ஆட்டத்தை விட்டுவிட்டு மறுபடியும் ரிங்குக்குத் திரும்ப முயலும் ஒரு குத்துச்சண்டை வீரன். நடித்தவர் அகாய். தன்னுடைய அடியையே நடித்துத்தான் அவர் நடிகர் என்று பெயர் வாங்கினார். அதற்குப்பின் பல வருடங்கள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தெரிந்த முகம்.

இப்போது மகளின் பக்கம் திரும்பிப் பாருங்கள். அப்பா ரிங்கிலிருந்து நடிப்புக்கு வந்தார், வேறு வழி இல்லாததால். மகள் நடிப்பிலிருந்து ரிங்குக்குப் போனார், வேறு வழி நிறைய இருந்தும். சகி பிறந்தபோது அப்பாவின் குத்துச்சண்டை முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ரிங்கில் அப்பாவை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. அதுமட்டுமல்ல, அவர் சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 'அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்' என்ற வழக்கமான வாரிசுக் கதை இங்கே செல்லாது. அவர் எடுத்துக்கொண்டுபோனது பெயர் ஒன்றைத்தான். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததோ பட்டமோ கோப்பையோ அல்ல, ஒரு தலைக்காயம்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். மல்யுத்த ரிங் மெத்தை போலத் தெரியும். அது மெத்தை இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகைகள், பலகைகளின் மேல் மெல்லிய பஞ்சுப் படுக்கை, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். அந்த 'டமால்' சத்தம் பலகை கொடுக்கிற சத்தம். ஜப்பானில் பயிற்சிக்கு வரும் யாருக்கும் முதலில் கற்றுத்தருவது 'உகெமி', அதாவது விழும் கலை. ஜூடோவிலிருந்து வந்த வார்த்தை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தலையின் பின்பக்கம் தரையைத் தொடவே கூடாது. மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும், இரண்டு கைகளாலும் தரையை அறைந்து அடியைப் பரப்ப வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். இதை உடம்பு தானாகச் செய்யும்வரை விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அடிப்பது, பறப்பது, ஜெயிப்பது எல்லாம் பிறகு.

இவ்வளவும் எதற்காக? தலைக்காக. 1997-இல் பிளம் மரிகோ என்ற ஜப்பானிய வீராங்கனை ஆட்டத்தில் தலையில் பட்ட அடியால் இறந்தார். 2009-இல் மிட்சுஹாரு மிசாவா, ஜப்பான் கண்ட மிகச் சிறந்த மல்யுத்த வீரர்களில் ஒருவர், விழும் கலையில் வல்லவர் என்று பெயரெடுத்தவர், ஹிரோஷிமாவில் ஒரு ஆட்டத்தில் பின்பக்கமாகத் தூக்கிப் போடப்பட்டு எழுந்திருக்கவே இல்லை. முடிவு எழுதி வைக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் பலகை அந்த எழுத்தைப் படிப்பதில்லை.

தலையில் ரத்தம் கட்டிப் பிழைத்த ஒருவரின் மகள், தலை தரையில் படாமல் விழுவது எப்படி என்று கற்றுக்கொள்வதைத்தான் 'விளம்பரத்துக்காக வந்தவள்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லலாம். முதல் ஆட்டத்துக்குச் சொல்லலாம், இரண்டாவதுக்கும் சொல்லலாம். அடுத்த வருடமே, 2014-இல், டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை வழங்கும் மல்யுத்த விருதுகளில் சிறந்த புதுமுகம் விருது அவருக்குக் கிடைத்தது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அந்த விருது கொடுத்ததில்லை. "பார்த்தாயா, அப்பா பெயருக்குக் கொடுத்தது" என்று முணுமுணுக்க வசதியான சமயம்! சகி என்ன செய்தார் என்றால், தன்னுடைய உதை ஒன்றுக்கு 'புதுமுக விருது' என்றே பெயர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் வருடக்கணக்கில் எதிராளிகளின் முகத்துக்கு நேராக அந்த விருதை வழங்கிக்கொண்டிருந்தார்.

பத்து வருடங்கள் அவர் ரிங்கில் இருந்தார். பெரும்பாலும் ஆண்களே இருக்கிற டி.டி.டி.யில், ஆண்களோடு சேர்ந்தும் ஆண்களை எதிர்த்தும். அவருடைய அணித்தோழர் யுகியோ சகாகுச்சியின் கதையும் இதே ரகம். யுகியோவின் அப்பா செய்ஜி சகாகுச்சி, 1965-இன் அகில ஜப்பான் ஜூடோ சாம்பியன், பிறகு பெரிய மல்யுத்த நட்சத்திரம், 1989-இலிருந்து நியூ ஜப்பான் நிறுவனத்தின் தலைவரும்கூட. யுகியோவின் தம்பி கென்ஜி சகாகுச்சி பிரபலமான நடிகர். அதாவது ஒரே வீட்டில் ஒரு மகன் கேமரா பக்கம், இன்னொரு மகன் ரிங் பக்கம். அந்த யுகியோவும் நேராக அப்பாவின் நிறுவனத்தில் போய் உட்காரவில்லை. நிஜமாகவே அடித்துக்கொள்ளும் கலப்புச் சண்டைக் களத்தில் மோதிவிட்டுத்தான் மல்யுத்தத்துக்கு வந்தார். இப்படி இரண்டு பிரபல வீட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில்.

சரி, இப்போது அந்த 'நடிப்பு' விஷயத்துக்கு வருவோம்.

குத்துச்சண்டையில் வாரிசுச் சந்தேகம் ரொம்ப நாள் நிற்காது. அப்பா பெயரால் நாலு ஆட்டம் கிடைக்கலாம், ஐந்தாவதில் குத்து விழுந்தால் எல்லாம் வெளுத்துவிடும். ஹிதேகசுவின் 12 நாக்-அவுட்டுகளை யாரும் பரிசாகக் கொடுக்க முடியாது. ஆனால் மல்யுத்தத்தில் வெற்றி என்பது அலுவலகத்தில் எடுக்கப்படுகிற முடிவு. எனவே ஒரு வாரிசு ஜெயித்துக் காட்டித் தன்னை நிரூபிக்கவே முடியாது. ஜெயிக்க ஜெயிக்கச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

இதற்கு ஷார்லட் ஃபிளேரை விட நல்ல உதாரணம் கிடையாது. அப்பா ரிக் ஃபிளேர், கணக்கில் 16 முறை உலகச் சாம்பியன். மகள் கல்லூரியில் வாலிபால் ஆடியவர். மல்யுத்தம் அவருடைய கனவாக இருந்ததில்லை. தம்பி ரீடின் கனவு அது. 2012-இல் ஷார்லட் பயிற்சியில் சேர்ந்தார். 2013 மார்ச்சில் ரீட் 25 வயதில் இறந்துபோனான். தம்பி போக வேண்டிய பாதையில் அக்கா நடந்தார். 2016-இல் ரெஸில்மேனியாவில் அவர் அணிந்துவந்த அங்கி, 2008-இல் அப்பா தன் ஓய்வு ஆட்டத்தில் அணிந்த அங்கியின் துண்டுகளை வைத்துத் தைத்தது. அப்பாவின் காலைப் பின்னும் பிடியைத்தான் மகள் இன்னும் ஒரு படி முறுக்கித் தன்னுடைய பிடியாக்கிக்கொண்டார். 2022 டிசம்பருக்குள் 14 உலகப் பட்டங்கள்.

ஆட்டம் எப்படி? பிரமாதம். அதைப் பரம எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு பட்டத்துக்கும் "மறுபடியும் இவளா" என்ற குரல் எழுந்தது. 2018-இல் இது உச்சத்துக்குப் போனது. பெக்கி லின்ச் என்று ஒரு ஐரிஷ் பெண். 15 வயதில் பயிற்சி தொடங்கியவர், தலைக்காயத்தால் 2006-இல் விலகி, விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்து, நடிப்பு படித்து, 2013-இல் மறுபடி வந்தவர். சொல்லிக்கொள்ள ரிங்கில் அப்பாவும் இல்லை, அங்கியும் இல்லை. அந்த வருட சம்மர்ஸ்லாமில் பெக்கிக்குக் கிடைக்கப்போன பட்டத்தை ஷார்லட் தட்டிக்கொண்டு போவதாகக் கதை. ஆட்டம் முடிந்ததும் பெக்கி ஷார்லட்டைத் தாக்கினார். கதைப்படி அந்த நொடியிலிருந்து பெக்கி வில்லி. கூட்டமோ கொண்டாடித் தீர்த்துவிட்டது! எழுதியவர்கள் எழுதியதை ரசிகர்கள் திருப்பிப் போட்டார்கள். 2019 ரெஸில்மேனியாவில், முதல்முறையாகப் பெண்கள் ஆட்டம் கடைசி ஆட்டமாக வந்தபோது, ஜெயித்தவர் பெக்கிதான்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததா? இருந்தது. பெயர் இல்லாத ஒருத்தி பத்து வருடம் சுற்றி வந்த கதவு, பெயர் உள்ள ஒருத்திக்குத் திறந்தே கிடந்தது என்பது உண்மை. அதைச் சொல்லாமல் 'அவளும் கஷ்டப்பட்டாள்' என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. எத்தனையோ ஊர்களில் கல்யாண மண்டபம் மாதிரியான அரங்குகளில் ஐம்பது பேர் முன்னால் விழுந்துகொண்டிருக்கும் பெண்களின் முதுகும் அதே முதுகுதான். அவர்களுக்கு 'புதுமுக விருது' எழுத ஒரு பத்திரிகையும் இருக்காது.

ஆனால் அந்தக் கோபம் யாரிடம் போக வேண்டும் என்பதில்தான் தகராறு. கதவு திறந்து வைத்தவர் மகள் அல்ல. பெயரை விற்கிறவர்கள் நிறுவனத்தார். எந்த அளவுக்கு விற்பார்கள் என்பதற்கு 2015 நவம்பரில் தொலைக்காட்சியில் வந்த ஒரு காட்சி போதும். கதையை விறுவிறுப்பாக்க, எதிராளி வீராங்கனை வாயால் ஷார்லட்டின் இறந்துபோன தம்பியைப் பற்றியே கேலியாகப் பேச வைத்தார்கள். ரீட் போய் மூன்று வருடம்கூட முடியவில்லை. அவனுடைய அம்மா வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். வாரிசு என்பதால் என்ன கிடைக்கிறது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்: வீட்டுச் சாவும் கதைக்குச் சரக்காகும்.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விழுவதை விட்டுவிட்டவர்களும் உண்டு. ஹல்க் ஹோகனின் மகள் புரூக் பாடகி, நடிகை. 2012-இல் டி.என்.ஏ. நிறுவனத்தில் பெண்கள் பிரிவின் நிர்வாகி என்ற வேடத்தில் வந்தார். கோட்டு போட்டுக்கொண்டு ரிங்கில் நின்று பேசுவார், அறிவிப்பார். அடுத்த வருடமே அது முடிந்துவிட்டது. இன்று அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. திட்டுவதற்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதற்கு நேர்மாறாக, டுவைன் ஜான்சனின் (அதாவது 'தி ராக்'கின்) மகள் 2022-இல் திரைக்கு வந்தபோது குடும்பப் பெயரே இல்லாமல் ஏவா ரெயின் என்று வந்தார். கொள்ளுத்தாத்தா வரைக்கும் மல்யுத்தக் குடும்பம். பெயரை வைத்தால் 'பெயரால் வந்தவள்', வைக்காவிட்டால் 'பெயரை மறைத்து நடிக்கிறாள்'. இரண்டு பக்கமும் ஏச்சு விழுந்தது. எது செய்தாலும் தப்பு என்றால் தப்பு அவர்களுடையது இல்லை என்றுதானே அர்த்தம்?

இதுவரை பேசியதெல்லாம் ஒரு விதத்தில் விளையாட்டுப் பேச்சு. விளையாட்டாக இல்லாத ஒரு கதை இருக்கிறது.

ஹனா கிமுரா. அம்மா கியோகோ கிமுரா பெயர்பெற்ற மல்யுத்த வீராங்கனை. 2016-இல் ஹனா அறிமுகமானபோது அவருக்கு 18 வயது. அதே வருடம் அம்மாவும் மகளும் ஒரே அணியில் நின்று ஸ்டார்டம் நிறுவனத்தின் மூவர் அணிப் பட்டத்தை வென்றார்கள். 2017 ஜனவரியில் அம்மா ஓய்வு பெற்றார். மகள் வேகமாக மேலே வந்தார். இளஞ்சிவப்புத் தலைமுடி, பளபளக்கும் உடைகள், ரிங்கில் அடாவடி, வெளியே கூச்ச சுபாவம். 2019-இல் ஒரு வீட்டில் ஆறு இளைஞர்கள் சேர்ந்து வாழ்வதைக் காட்டும் 'டெரஸ் ஹவுஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கே வசித்த ஒருவர், சலவை இயந்திரத்தில் கவனக்குறைவாகப் போட்டு ஹனாவின் சண்டை உடையைச் சுருங்க வைத்துவிட்டார். ஹனா கோபப்பட்டுக் கத்தினார், அவர் தொப்பியைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். அது ஒளிபரப்பானதும் முகம் தெரியாதவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். நாளுக்கு நாள், செய்திக்கு மேல் செய்தி. 2020 மே 23 அன்று ஹனா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22.

ரிங்கில் அவர் இதைவிடப் பத்து மடங்கு அடாவடி செய்திருக்கிறார். எதிராளியின் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார், மேலே ஏறி நின்று சிரித்திருக்கிறார். மக்கள் ஊளையிட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஏனென்றால் மல்யுத்தத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: இது வேடம், இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'பொய்' என்று எல்லோரும் ஏளனம் செய்கிற மல்யுத்தம் அவரைப் பத்திரமாக வைத்திருந்தது. 'நிஜம்' என்று சொல்லிக்கொண்ட நிகழ்ச்சிதான் அவரைத் தெருவில் நிறுத்தியது. சண்டை போட்டுப் பிழைக்கிற பெண், வாரிசு, பலசாலி, இவளுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்துத்தான் எழுதினார்கள் போலும். விழும் கலையை அம்மாவிடமே கற்றிருக்கலாம். இப்படி வந்து விழும் வார்த்தைகளுக்கு உகெமி கிடையாது.

அதற்குப்பின் அம்மா சும்மா இருக்கவில்லை. எழுதியவர்கள் மேல் வழக்கு, இணைய வசவுக்கு எதிராக ஒரு அமைப்பு என்று அலைந்தார். அப்போது ஜப்பானில் அவமதிப்புக் குற்றத்துக்கு 30 நாளுக்கும் குறைவான காவல், இல்லாவிட்டால் 10,000 யென்னுக்குள் அபராதம். ஒரு நல்ல ஜோடி செருப்பின் விலை! 2022 ஜூலையிலிருந்து ஓராண்டு வரை சிறை, 3 லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் மாறியது. இந்த மாற்றத்தைப் பேச்சுச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அரசியல்வாதிகளைத் திட்டினாலும் பாயுமோ என்ற அவர்களுடைய பயத்தை அசட்டை செய்ய முடியாது. மூன்று வருடம் கழித்து மறுபரிசீலனை செய்வது என்ற நிபந்தனையோடுதான் சட்டம் வந்தது. ஆனாலும் ஒரு மல்யுத்த வீராங்கனையின் அம்மா, மகளுக்காக ஒரு நாட்டின் தண்டனைச் சட்டத்தையே அசைத்தார் என்பது நடந்த கதை. 2021 மே 23-இல், மகளின் முதலாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சியில், ஓய்வு பெற்றுவிட்ட கியோகோ ஒரு ஆட்டத்துக்காக மறுபடி ரிங்கில் ஏறினார். பெற்றோரைப் பின்தொடர்ந்து பிள்ளைகள் ரிங்குக்கு வருவதைத்தான் இதுவரை பேசிக்கொண்டிருந்தோம். இங்கே மகளைப் பின்தொடர்ந்து அம்மா வந்தார்.

மறுபடியும் சகி அகாய். 2023 நவம்பர் 12, ரியோகோகு கொகுகிகான். பத்து வருடம் முன்னால் அறிமுகமான அதே அரங்கில் அவருடைய கடைசி ஆட்டம். வயது 36. காயத்தால் வெளியேற்றப்படவில்லை, நிறுவனம் அனுப்பிவிடவும் இல்லை. மாதக்கணக்கில் முன்னதாகவே நாளை அறிவித்துவிட்டு, விடைபெறும் ஆட்டங்கள் ஆடிவிட்டு, பக்கத்தில் யுகியோ சகாகுச்சி நிற்க, கடைசி ஆட்டத்தை ஆடினார். அடுத்த சில மாதங்களிலேயே யுகியோவும் ஓய்வு பெற்றார்.

ஜப்பானிய மல்யுத்தத்தில் ஓய்வு பெறுபவர்களுக்காக ரிங் மணியைப் பத்து முறை அடிப்பது வழக்கம். அரங்கம் முழுக்க எழுந்து நிற்கும், சத்தம் இருக்காது. விடைபெறுபவர் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். குத்துச்சண்டையிலும் பத்து வரை எண்ணுவார்கள், ஆனால் அது கீழே கிடப்பவருக்காக. 1985-இல் ஒசாகாவில் ஹிதேகசு அகாய் கீழே கிடந்தார். மகள் நின்றுகொண்டு பத்தையும் கேட்டுவிட்டு, கயிறுகளுக்கு இடையே புகுந்து தன் காலால் நடந்து படியிறங்கிப் போனார்.